வேடர் கோட்டைக்குப் போற வழியில சொல்ற அஞ்சு பேய்க்கதை

பசங்களுக்குன்னு வர்ற ஸ்டார் வார்ஸ் புக்ஸ்ல முக்கால்வாசி எப்படி இருக்கும்னா, படத்துல பார்த்ததையே திரும்ப சொல்லி, அதுல இருக்கிற ஆபத்தை எல்லாம் எடுத்துட்டு, கடைசி பக்கத்துல ஒரு டிராய்ட், அதான் ரோபோ, ஏதோ காமெடி பண்ணி முடிஞ்சிடும். ஸ்டார் வார்ஸ் அட்வென்சர்ஸ் காமிக்ஸ் வரிசையில வந்த டேல்ஸ் ஃப்ரம் வேடர்ஸ் காசில் (வேடர்னா கறுப்பு முகமூடி போட்ட வில்லன் டார்த் வேடர்) எனக்கு இவ்வளவு பிடிக்க காரணமே அது அப்படி இல்லாததுதான். குழந்தைங்களை பயமுறுத்தணும்னு முடிவு பண்ணி, அதை அக்கறையோட, ஒழுங்கா செஞ்சிருக்காங்க.

2018 அக்டோபர்ல வாரத்துக்கு ஒண்ணா அஞ்சு இஷ்யூ வந்துச்சு, கடைசி இஷ்யூ சரியா ஹாலோவீன் அன்னைக்கு. அப்போ பசங்களுக்கான ஸ்டார் வார்ஸ் காமிக்ஸ் உரிமை ஐடிடபிள்யூ கம்பெனிகிட்ட இருந்துச்சு. இப்ப அந்த அஞ்சும் சேர்ந்து ஒரே புக்கா கிடைக்குது, நான் படிச்சது அதைத்தான். கதை அஞ்சையும் எழுதினது கேவன் ஸ்காட், ஆனா படம் வரைஞ்சவர் ஒவ்வொரு கதைக்கும் வேற வேற ஆள், நடுவுல ஓடுற மெயின் கதையை மட்டும் டெரிக் சார்ம் வரைஞ்சிருக்கார். அட்டை ஃபிரான்செஸ்கோ ஃபிரான்கவில்லா, ஆரஞ்சும் கறுப்புமா பழைய பேய்ப்பட போஸ்டர் மாதிரி, அதுவே கடையில நின்னு எடுத்துப் பார்க்க வைக்கும்.

மெயின் கதை சிம்பிள். லீனா கிராஃப்னு ஒரு ரெபல் பைலட், அதாவது வேடரோட எம்பயர் ஆட்சியை எதிர்த்து சண்டை போடுற கூட்டத்து ஆள், அவளோட டீம் மஸ்டஃபார் கிரகத்துல மாட்டிக்குது, அதான் அனகின் ஸ்கைவாக்கர் எரிஞ்சு வேடர் ஆன அந்த எரிமலை கிரகம், அங்கதான் வேடரோட கோட்டையும் இருக்கு (2016ல வந்த ரோக் ஒன் படத்துல பார்த்திருப்பீங்க), இவங்க அந்த கோட்டைக்குள்ளயே போயாகணும். போற வழியில டீம்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கேள்விப்பட்ட பயங்கர கதைய சொல்லிட்டே வர்றாங்க. விக்கிரமாதித்தன் வேதாளம் கதை கேட்டு வளர்ந்தவங்களுக்கு இந்த அமைப்பு உடனே ஒட்டிக்கும். ஒவ்வொரு கதை முடியும்போதும் அவங்க கோட்டைக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட போயிருப்பாங்க, அதனால உள்கதையில வந்த பயம் வெளிக்கதைக்கும் வந்துடுது. லெப்டினன்ட் ஹட்னு ஒரு கேரக்டர், ஏற்கனவே நடுங்கிட்டு இருக்கிற ஆளு, முதல் கதைய சொல்றதே அவன்தான். பயந்தவன் தான் பேய்க்கதை சொல்லுவான், இது எவ்வளவு உண்மை பாருங்க.

லீனா பத்தி ஒரு விஷயம். இவ இந்த காமிக்ஸுக்காக புதுசா உருவான ஆள் இல்ல. அட்வென்சர்ஸ் இன் வைல்ட் ஸ்பேஸ்னு பசங்களுக்கான நாவல் வரிசை ஒண்ணு இருக்கு, கேவன் ஸ்காட்டும் டாம் ஹடில்ஸ்டனும் மாத்தி மாத்தி எழுதினது, அதுல லீனாவும் தம்பி மைலோவும் சின்ன பசங்க, அப்பா அம்மாவை எம்பயர் பிடிச்சுட்டு போயிடும், அவங்களை தேடித்தான் ரெண்டு பேரும் போவாங்க. அந்த பொண்ணு வளர்ந்து ரெபல் பைலட்டா இங்க வந்து நிக்கிறா, கூட அதே பழைய டிராய்ட் க்ரேட்டர். அதை படிச்ச பசங்களுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷமா இருக்கும்! படிக்காதவங்களுக்கும் கதை புரியுறதுல பிரச்சனை இல்ல.

இப்ப ரெண்டாவது கதைக்கு வரேன், எனக்கு இந்த புக்கே அதுக்காகத்தான். ஸ்டார் வார்ஸ் வில்லன் கவுன்ட் டூக்குவை ரத்தக்காட்டேரியா காட்டுற கதை, எதிர்ல ஹீரோ பக்கத்து ஜெடை வீரன் ஓபி-வான். டூக்குவா படத்துல நடிச்சது கிறிஸ்டோபர் லீ, அவர்தான் 1958ல ஹேமர்ங்கற இங்கிலாந்து பேய்ப்பட கம்பெனி எடுத்த படத்துல டிராகுலாவா வந்து உலகத்தையே மிரட்டினவர். அந்த டிராகுலா முகத்தை நாற்பது வருஷம் தாண்டி 2002ல ஸ்டார் வார்ஸுக்கு கூட்டிட்டு வந்தாங்க, இங்க கேவன் ஸ்காட் டூக்குவை மறுபடி அந்த கோட்டை இருட்டுக்கே கூட்டிட்டு போறார். வரைஞ்சது கெல்லி ஜோன்ஸ், 1991ல பேட்மேனை டிராகுலாகூட மோதவிட்ட காமிக்ஸை வரைஞ்ச அதே மனுஷன், இதை விட சரியான ஆள் கிடைச்சிருக்கவே முடியாது. அந்த பக்கங்களை கொஞ்சம் நிதானமா பாருங்க, கறுப்பு மை ஆறா ஓடுது, அங்கி மனுஷ உடம்புக்கு சம்பந்தமே இல்லாம நீண்டு சுருண்டு போகுது, முகத்துல கண்ணு குழிஞ்சு எலும்பு தெரியுது. அதுக்கு முன்னாடி டெரிக் சார்ம் வரைஞ்ச பக்கம் இருக்கும், சுத்தமான கோடு, உருண்ட முகம், கார்ட்டூன் மாதிரி பளிச் கலர். அங்கிருந்து இங்க தாண்டும்போதே வயித்துல ஒண்ணு பண்ணும், சின்ன பசங்களுக்கு யாரும் சொல்லாமலே புரிஞ்சிடும் இப்ப நாம ஒருத்தர் சொல்ற கதைக்குள்ள போயிட்டோம்னு.

1954ல அமெரிக்காவுல காமிக்ஸ் கோடுன்னு ஒரு விதி வந்துச்சு, காமிக்ஸ் படிச்சா பசங்க கெட்டுப்போவாங்கன்னு பெரியவங்க கிளப்பின பயத்துல, ரத்தக்காட்டேரி, ஓநாய் மனுஷன், நடக்கிற பிணம் எதுவுமே வரக்கூடாதுன்னுட்டாங்க, 1971லதான் அதை கொஞ்சம் தளர்த்துனாங்க. அப்படி தடை பண்ணி வச்ச ரத்தக்காட்டேரி இன்னைக்கு டிஸ்னியோட ஸ்டார் வார்ஸ்ல, எல்லா வயசுக்கும்னு போட்ட புக்ல வருது, எனக்கு இது ரொம்ப சந்தோஷம். பயத்தை பக்கத்துல உக்காந்து பத்திரமா பழகிக்க பசங்களுக்கு இதை விட நல்ல இடம் கிடையாது. எங்க அக்கா பையன் நாலாவது படிக்கிறான், டூக்கு வர்ற பக்கத்துல புக்கை மூடி மடியில வச்சுகிட்டான், ஒரு வாய் தண்ணி குடிச்சான், திரும்ப தொறந்தான். அன்னைக்கு நைட்டு முழுசா முடிச்சுட்டுத்தான் விட்டான்.

மத்த கதைங்க எல்லாம் ஒரே தரம்னு சொல்ல மாட்டேன். முதல் கதை கேனனும் ஹீராவும் வர்றது, வரைஞ்சது கிறிஸ் ஃபெனோக்லியோ, நல்லா இருக்கு, ஆனா ரெபல்ஸ் கார்ட்டூன் பார்க்காத பையனுக்கு இவங்க யாருன்னே தெரியாது, புக்கும் நின்னு சொல்லித் தராது. ஹான் சோலோ, ச்யூபாக்கா கதை சுமார், பேச்சு கலகலன்னு போகுது, பயம் வரல. ஈவாக் கதைய ராபர்ட் ஹேக் வரைஞ்சிருக்கார், பழைய மஞ்சள் பூத்த பேப்பர்ல அச்சடிச்ச மாதிரி ஒரு கலர், 1984ல வந்த ஈவாக் டிவி படத்துல இருந்த அந்த ராட்சச கோராக்ஸை திரும்ப கொண்டு வந்திருக்காங்க. கரடி பொம்மை மாதிரி நாம செல்லம் கொஞ்சின ஈவாக்குக்கு எது பயம்னு யோசிச்சு எழுதினது எனக்கு பிடிச்சது. அஞ்சாவதுல நேரா வேடரே, சார்ல்ஸ் பால் வில்சன் III வரைஞ்சது, அதைப் பத்தி எதுவும் சொல்லல, படிச்சுக்கோங்க.

எனக்கு இருக்கிற பெரிய குறை இடம் பத்தாதது. ஒரு இஷ்யூ பக்கத்துலயே வெளிக்கதையும் ஓடணும் உள்கதையும் முடியணும், அதனால பயம் நல்லா ஏறி வர்ற நேரத்துல டக்குனு முடிச்சுடறாங்க, டூக்கு கதைக்கு இன்னும் நாலு பக்கம் குடுத்திருந்தா எங்கயோ போயிருக்கும்.

இங்கிலீஷ் கஷ்டமா இருக்காது, வாக்கியம் எல்லாம் சின்னது, எட்டு வயசுக்கு மேல தானா படிப்பாங்க, அதுக்கு கீழனா டூக்கு கதைய மட்டும் பகல்ல கூட உக்காந்து படிங்க. இறக்குமதி புக்குங்கறதால விலை கொஞ்சம் கடிக்கும். ஐடிடபிள்யூகிட்ட இருந்து உரிமை கைமாறி 2022ல இருந்து பசங்க வரிசைய டார்க் ஹார்ஸ் போடுது, அதனால பழைய பிரிண்ட் எங்கயாவது நியாயமான விலைக்கு கண்ணுல பட்டா யோசிக்காம எடுத்துடுங்க. இதோட தொடர்ச்சியா 2019ல ரிட்டர்ன் டு வேடர்ஸ் காசில், 2021ல கோஸ்ட்ஸ் ஆஃப் வேடர்ஸ் காசில் வந்திருக்கு. ரிட்டர்ன்ல ஹட் திரும்ப வர்றான், அவன் ஏன் அந்த நிலைமையில இருக்கான்னு இதை படிச்சாதான் தெரியும், அதனால வாங்குறவங்க இதுல இருந்தே ஆரம்பிங்க.