காலையில் கண் வறட்சி: சொட்டு மருந்தா, களிம்பா, ஒத்தடமா?

மாலையில் கண் எரிந்தால், பகலெல்லாம் திரையைப் பார்த்ததன் பலன் என்று சொல்லிவிடலாம். இரவு முழுவதும் மூடியிருந்த கண், விழிக்கும்போதே நறநறவென்று உறுத்தினால் அந்தச் சமாதானம் எடுபடாது. கோளாறு உறக்கத்தில் நடந்திருக்கிறது. அதனால் எந்த நிறுவனத்தின் சொட்டு மருந்து உசத்தி என்ற விவாதத்தில் எனக்கு அக்கறை குறைவு. இரவில் கண்ணுக்கு என்ன ஆகிறது, கையிலிருக்கும் வைத்தியம் அந்த நேரத்தில் வேலை செய்யுமா என்று பார்த்தால் போட்டியின் முடிவே மாறிவிடும்.

இமை மூடவில்லையா, எண்ணெய் அடைப்பா?

உறங்கும்போது கண்ணீர் சுரப்பு வெகுவாகக் குறையும். இமை சரியாக மூடியிருந்தால் தீங்கில்லை. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழி இராது. சிலருக்கு இரு இமைகளுக்கும் நடுவே கீற்றளவு இடைவெளி விழும். உறக்கத்தில் விழி பெரும்பாலும் மேல்நோக்கி உருண்டுகொள்வதால் கருவிழியின் மேற்பாதி தப்பித்துக்கொள்ளும்; கீழ்ப்பகுதி காற்றில் காயும். இவர்களுக்கு விழித்தவுடன் தொல்லை உச்சத்தில் இருந்து, சிமிட்டச் சிமிட்டக் குறைந்துகொண்டே வரும். உறங்குபவருக்கே இது தெரியாது. உடன் உறங்குபவரிடம் கேட்டால் "நீ அரைக்கண் மூடித்தானே தூங்குவாய்" என்று அலட்டிக்கொள்ளாமல் பதில் வரும்.

அடுத்த காரணம் இமை விளிம்பில் இருக்கிறது. மேலிமையில் சுமார் 25 முதல் 40 வரையும் கீழிமையில் 20 முதல் 30 வரையும் மெய்போமியன் என்ற எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. கண்ணீர் ஆவியாகிவிடாமல் மேலே மெல்லிய படலம் போடுவது இவற்றின் எண்ணெய்தான். மருத்துவர் விளிம்பை மெதுவாக அழுத்திப் பார்ப்பார். நலமான சுரப்பியிலிருந்து தெளிந்த எண்ணெய் துளிர்க்கும். அடைபட்டதிலிருந்து பற்பசைபோல் கெட்டியாக எட்டிப் பார்க்கும், அல்லது ஒன்றுமே வராது. இமையோரச் சிவப்பு, காலையில் ஒட்டிக்கொள்ளும் பீளை, அடிக்கடி வரும் கண்கட்டி ஆகியவை இந்தப் பக்கம் கைகாட்டுகின்றன.

சொட்டு, ஜெல், களிம்பு

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு உடனே இதம் தரும், பார்வையை மறைக்காது. ஆனால் அது தங்குவது கொஞ்ச நேரம்தான். படுக்கும்முன் விட்டால் விடியும்வரை நிற்காது. காலையில் விட்டால் காய்ந்த பிறகு நனைப்பதாகிறது. நாளுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்படுபவர்கள் பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் காக்கும் பொருள்) சேர்க்காத வகையையே வாங்க வேண்டும். வழக்கமாகச் சேர்க்கப்படும் பென்சால்கோனியம் குளோரைடு, அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பையே புண்படுத்தும்.

ஜெல் இடைப்பட்டது. சொட்டைவிட அதிக நேரம் நிற்கும், களிம்பைவிடக் குறைவாகப் பார்வையை மங்கச் செய்யும். இரவில் எழுந்து நடமாட வேண்டியவர்களுக்கு இதுவே பொருந்தும்.

பாரஃபின் கலந்த களிம்பைப் பலரும் ஒரே நாளில் கைவிட்டுவிடுகிறார்கள். பிசுபிசுப்பு, மங்கல், காலையில் இமைமயிரில் ஒட்டு என்று குறைகள் கண்முன் நிற்கின்றன. பெரும்பாலும் போடும் முறைதான் பிழை. கீழிமையைச் சற்று இழுத்து, அந்தப் பள்ளத்தில் அரை சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிதுக்கினால் போதும். குழாயின் முனை கண்ணில் படக்கூடாது. சொட்டு மருந்தும் உண்டென்றால் அதை முதலில் விட்டு, பத்து நிமிடம் கழித்துக் களிம்பு. பிறகு விளக்கை அணைத்துவிட வேண்டும், கைபேசியைத் தேடக்கூடாது. காண்டாக்ட் லென்ஸ் அணிந்த கண்ணில் இதைப் போடக்கூடாது. இமை மூடாதவர்களுக்கு இந்த மூன்றில் என் தேர்வு களிம்புதான்.

கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தை இந்தப் பந்தியிலேயே உட்காரவைக்கக்கூடாது. டெட்ராஹைட்ரோசோலின், நாஃபசோலின் போன்றவை ரத்தக் குழாய்களைச் சுருக்கி வெளுப்புக் காட்டுகின்றன. மருந்தின் வீரியம் இறங்கியதும் சிவப்பு முன்னிலும் அதிகமாகத் திரும்பலாம்.

ஒத்தடம்

எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டிருந்தால் களிம்பு ஆறுதல் மட்டுமே. அடைப்பை இளக்குவது சூடுதான். இமையில் சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூடு ஐந்து முதல் பத்து நிமிடம் நீடிக்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துணி இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறிவிடும், அடிக்கடி மாற்றியாக வேண்டும். சூட்டைத் தக்கவைக்கும் கண் உறை இங்கே தெளிவாக முந்துகிறது. முதலில் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பது நல்லது. பிறகு மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும், விழியை அழுத்தாமல் நீவிவிட்டு விளிம்பைத் துடைக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இமைமயிரின் அடியில் குழாய் வடிவப் பொருக்கு சுற்றியிருந்தால் அது டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியின் அடையாளம். வெறும் கழுவலுக்கு அது அசையாது, மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான்.

காற்று

ஈரப்பதமூட்டி வாங்கும்முன் மின்விசிறியும் ஏசியும் முகத்தை நோக்கி வீசுகின்றனவா என்று பார்ப்பது சிக்கனம். திசையைத் திருப்புவதற்குச் செலவில்லை. ஈரப்பதமூட்டியையோ விடாமல் கழுவிப் பராமரிக்க வேண்டும். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்காக முகமூடிக் கருவி அணிபவர்களுக்கு, மூக்கின் மேல்விளிம்பில் கசியும் காற்று நேராகக் கண்ணுக்குள் போகும். அவர்கள் எத்தனை புட்டி மருந்து விட்டாலும் முகமூடியைச் சரிசெய்யாதவரை விடிவில்லை.

இமையைப் பிளாஸ்திரி போட்டு மூடும் யோசனையும் உலவுகிறது. உள்ளே இமை திறந்துகொண்டால் பிளாஸ்திரி கருவிழியில் உராயும், ஆகவே மருத்துவர் செய்துகாட்டாமல் முயல வேண்டாம். ஈரத்தை அடைத்துவைக்கும் உறக்கக் கண்ணாடி பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் அதைவிடப் பாதுகாப்பானது.

மாத்திரைகள்

மீன் எண்ணெய்க்குக் கிடைத்திருக்கும் புகழுக்கு ஆதாரம் போதாது. கண் வறட்சி உள்ளவர்களிடம் நடத்தி 2018இல் வெளியான ட்ரீம் என்ற ஆய்வில் 535 பேரில் ஒரு பகுதியினர் தினமும் 3000 மில்லிகிராம் ஒமேகா-3யும் மற்றவர்கள் ஆலிவ் எண்ணெயும் ஓராண்டு எடுத்துக்கொண்டார்கள். இரு தரப்பாருக்கும் நிவாரணத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட, ஏற்கெனவே விழுங்குவதைப் பார்ப்பது பயன் தரும். தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மாத்திரைகள், மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் எல்லாம் கண்ணை உலர்த்தக்கூடியவை. தானாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேட்க வேண்டும். சைக்ளோஸ்போரின் சொட்டு, அழற்சியோடு கூடிய நீடித்த வறட்சிக்கு மருத்துவர் எழுதித் தருவது. அதன் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம்.

கண்ணைத் திறக்கும் கணத்தில் ஏதோ கிழிவதுபோல் சுருக்கென்று வலித்தால் அது வறட்சியோடு நிற்காது. என்றோ நகம் கீறிய கருவிழியின் மேல்தோல் மறுபடி உரிந்திருக்கலாம். வாயும் சேர்ந்து காய்ந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரென் நோய்க்கான பரிசோதனை தேவைப்படும். பார்வை குறைந்தாலோ, வெளிச்சம் பட்டால் வலித்தாலோ, காண்டாக்ட் லென்ஸ் அணிபவரின் கண் சிவந்து வலித்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.