ஒன்றரை அடிச் சுவரும் வைஃபையும்: மூன்று வருட அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீடு தெருவாசலில் தொடங்கிப் புறவாசலில் முடிய நூறடி இருக்கும். முன்பக்கத் தார்சா, பட்டாசல் என்கிற கூடம், அரங்கு என்கிற உள்ளறை, அடுக்களை என்று ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்று. செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாக ஒவ்வொரு சுவரும் ஒன்றரை அடி கனம். சித்திரை வெயிலில் உள்ளே ஜிலுஜிலுவென்றிருக்கும். வைஃபைக்குத்தான் எமன்.

இன்டர்நெட் இணைப்பும் ரவுட்டரும் தார்சாவில் இருக்கின்றன, 100 எம்பிபிஎஸ். பட்டாசல் வரை குறையில்லை. நான் வேலை பார்க்கும் பின்கட்டு அறையில் வேகமான 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எட்டிக்கூடப் பார்க்காது, கொஞ்சம் தூரம் போகும் 2.4-இல் மூன்று, நான்கு எம்பிபிஎஸ் கிடைத்தால் பெரிது. அரங்கில் இரும்பு பீரோ வேறு குறுக்கே நிற்கிறது. ஆபீஸ் மீட்டிங் வந்தால் லேப்டாப்போடு ஆச்சியின் கட்டிலில் போய் உட்காருவேன். "யாருக்குடே பதில் சொல்லுத?" என்று ஆச்சி கேட்பது அந்தப் பக்கத்துக்கும் கேட்கும்.

முதலில் ரிப்பீட்டர், அதாவது வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் பெட்டி, வாங்கிப் பின்கட்டிலேயே செருகினேன். சிக்னல் முழுசாகக் காட்டியது, வேகம் அதேதான். அதற்கே ஒழுங்காக வராததை அது எப்படிக் கொடுக்கும்? அரங்கு வாசலுக்கு மாற்றியபின் 20 வந்தது. வாங்குவதும் அனுப்புவதும் ஒரே ரேடியோ என்பதால் பாதி அதிலேயே போய்விடும். எட்டு மாதம் மல்லுக்கட்டிவிட்டுக் கழற்றினேன்.

அப்புறம்தான் வயர். எலக்ட்ரீஷியன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டிரில் போட்டா காரை பொலபொலன்னு கொட்டிரும் அண்ணாச்சி, தட்டட்டி வழியா கொண்டுபோவோம்" என்றார். தட்டட்டி என்றால் மொட்டைமாடி. 45 மீட்டர் கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள், பிவிசி பைப்புக்குள். நூறு மீட்டர் வரை தாராளமாகப் போகலாம். விலை குறைவு என்று கடையில் நீட்டியது செம்பு பூசிய அலுமினியம். முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள். மறுமுனையில் சும்மா கிடந்த பழைய ரவுட்டர். அதில் ஐபி முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, அதன் சொந்த ஐபியை மாற்றி, கேபிளை லேன் துளையில் செருகினேன். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, 2.4-இல் சேனல் மட்டும் ஒன்றில் 1, மற்றதில் 11. பின்கட்டில் 94 வந்தது. அந்த ரவுட்டரின் போர்ட்டே 100தான், அதற்கு மேல் கேட்கக்கூடாது.

குறை இல்லாமல் இல்லை. பட்டாசலிலிருந்து பேசிக்கொண்டே புறவாசலுக்கு நடந்தால், போன் தார்சா ரவுட்டரையே பிடித்துக்கொண்டு தொங்கும். நல்ல மெஷ் செட் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து வேலை செய்யும் பல பெட்டிகள்) இதைச் சமாளிக்கும். ஆனால் இந்தச் சுவர்களுக்கு அதற்கும் வயர் இழுத்தே ஆகவேண்டும். அணில் ஒருமுறை கேபிளைக் கடித்தது. இரண்டாம் வருட ஐப்பசியில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்து பின்கட்டு ரவுட்டர் போய்ச் சேர்ந்தது. வெட்டவெளியில் ஓடும் செம்புக் கம்பி, பின்னே என்ன ஆகும்? அடுத்த மழைக்குள் அந்த நீளத்துக்கு மட்டும் ஃபைபர் போட்டு, இரு முனையிலும் ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் வைக்க எண்ணம்.

அதுவரை வானம் இருட்டினால் கேபிளை உருவிவிடுவது ஆச்சியின் பொறுப்பு. உருவியதைச் சொல்லத்தான் மறந்துபோகும்.