டபிள்யூஎன்எம்ஜி: ஆறு முனையும் கைக்கு வருமா?

மலேசியாவில், பீடோரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "அண்ணே, சிஎன்எம்ஜியை விட்டுட்டு டபிள்யூஎன்எம்ஜிக்கு மாறலாமா? நாலு முனைக்கு ஆறு முனை கிடைக்குது, டூல் செலவு குறையும்தானே?" இரண்டும் லேத்தில் இரும்பைக் கடையும் இன்செர்ட் வகைகள், அதாவது ஹோல்டரில் பூட்டிக் கழற்றி மாற்றும் சிறு கார்பைடுத் துண்டுகள்: சிஎன்எம்ஜிக்கு நாலு முனை, டபிள்யூஎன்எம்ஜிக்கு ஆறு. போனில் பதில் சொன்னால் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நெடுநாளாக டபிள்யூஎன்எம்ஜி 080408 அளவு இன்செர்ட்டுக்கான ஹோல்டரைத்தான் பூட்டி ஓட்டுகிறேன். சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் சுற்றுவட்டாரச் செம்பனை ஆலைகளின் வேலைதான்: கன்வேயர் ஷாஃப்ட், புஷ், செயின் பின், குலை அவிக்கும் கூண்டின் சக்கரம். பாதி வேலை புது இரும்பு. மீதி, தேய்ந்துபோன ஷாஃப்டில் வெல்டிங் ஏற்றிப் பழைய அளவுக்குக் கடைவது. வம்பு முழுவதும் இந்த இரண்டாவது பாதியில்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். புது எஸ்45சி (நடுத்தரக் கார்பன்) இரும்பில் இந்த ஆறுமுனை தங்கம். நீளவாட்டில் கடையவும் முகப்பைச் சீவவும் ஒரே ஹோல்டர் போதும். முனை தேய்ந்தால் ஆலன் கீயால் தளர்த்தி, திருப்பி, இறுக்கினால் தீர்ந்தது. கார்பைடு நுனியைப் பற்றவைத்த பழைய டிப் டூலை ஒவ்வொரு தடவையும் பச்சைக் கல்லில் பிடித்துக் கோணம் பார்த்துச் சாணை போட்டவர்களுக்குத்தான் இந்தச் சுகம் தெரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். இன்செர்ட் விலை கடைக்குக் கடை மாறும், சீனா 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு விலைப் பட்டியலை நம்பி எதையும் சொல்ல முடியாது. ஒரு பேச்சுக்கு ஒன்று 18 வெள்ளி (ரிங்கிட்) என்று வைப்போம். ஆறால் வகுத்தால் முனைக்கு 3 வெள்ளி. ஹோல்டர் 120 வெள்ளி, அது 400 முனை தாங்கும் என்றால் முனைக்கு 30 காசு. முனை மாற்றி மறுபடி அளவு பிடிக்க 3 நிமிடம். லேத்துக்கு மணிக்கு 40 வெள்ளி போட்டால் அதற்கு 2 வெள்ளி. ஆக, ஒரு முனையை மாற்ற 5 வெள்ளி 30 காசு. விற்பனைக்கு வருகிற தம்பி 3 வெள்ளியோடு நிறுத்திக்கொள்வார். அந்த 2 வெள்ளி அவர் கால்குலேட்டரில் ஏறவே ஏறாது.

இப்போது என் எரிச்சல். அந்த ஆறாவது முனையை நான் பார்த்த நாட்கள் மிகக் குறைவு. இந்த வகை இன்செர்ட்டுக்கு மேலே மூன்று, கீழே மூன்று. ஒழுங்காகத் தேய்ந்த முனை அடிப்பக்கத்து முனையைத் தொந்தரவு செய்யாது, புரட்டிப் போட்டு ஓட்டலாம். வெல்டிங் ஏற்றிய ஷாஃப்டில் முனை எங்கே ஒழுங்காகத் தேய்கிறது? மேடு, பள்ளம், கசடு, நடுவில் ஒரு சாவிக் காடி. டக் டக்கென்று அடி வாங்கி ஒரு மூலை சிதறினால் அது தனியாகப் போகாது, நேர் கீழே இருக்கும் முனையையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரே அடியில் ஆறு நாலாகிவிடும். பிறகு எதற்கு ஆறால் வகுப்பது? நாலால் வகுத்தால் முனை 4 வெள்ளி 50 காசு, மாற்றும் செலவு 6 வெள்ளி 80 காசு.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. முனை சிதறும்போது சில நேரம் இன்செர்ட்டுக்கு அடியில் தாங்கும் தகடான ஷிம்மும் விரிசல் விடும். ஷிம் ஒரு 8 வெள்ளி. அதைக் கழற்றி, தூள் துடைத்து, புதிதை உட்கார வைத்து, மறுபடி அளவு பிடிக்கக் கால் மணி நேரம், அதாவது 10 வெள்ளி. சேர்த்தால் 18. ஒரு முழு இன்செர்ட்டின் விலை! விரிசலைக் கவனிக்காமல் மேலே புது முனை போட்டால் அதுவும் அதே இடத்தில் போகும். போன மாதம் எங்கள் பட்டறையில் நடந்தது இதுதான். கையிருப்பில் ஷிம் இல்லை, ஈப்போவில் நான் வழக்கமாக வாங்கும் கடையிலும் இல்லை. "ஹோல்டரோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். 8 வெள்ளிச் சாமானுக்கு 120 வெள்ளி.

அதுவும் செம்பனை காய்ப்பு உச்சத்தில் இருக்கிற நேரம். ஆலையில் ஷாஃப்ட் நின்றால் குலை குவிந்து கிடக்கும், கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும், ஆலைக்காரர் நம் வாசலில் வந்து நிற்பார். அந்த இரவில் மணிக்கு 40 வெள்ளி என்ற என் கணக்குக்கு ஒரு மதிப்பும் இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். வெட்டு வேகத்தையும் முனை ஆயுளையும் இணைத்து அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் 1907இல் வெளியிட்ட சூத்திரத்தை வைத்துப் பார்த்தேன். கார்பைடுக்கு அதில் வரும் அடுக்கை 0.25 என்று எடுத்துக்கொண்டால், வெட்டு வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே முனை ஏறக்குறைய 2.4 மடங்கு நேரம் உழைக்கும். செலவு மிகக் குறைவாக வரும் முனை ஆயுளுக்கும் அதிலிருந்தே வழி இருக்கிறது: மாற்றும் நேரத்தோடு, முனை விலையை லேத்தின் நிமிடக் கூலியால் வகுத்து வருவதைக் கூட்டி, மூன்றால் பெருக்க வேண்டும். ஆறு முனை என்று நம்பினால் சுமார் 24 நிமிடம் வருகிறது. நாலுதான் என்று ஒப்புக்கொண்டால் 31 நிமிடம். இரண்டுக்கும் தேவைப்படும் வேக வித்தியாசம் வெறும் 6 சதவீதம். பழைய கியர் லேத்தில் அவ்வளவு நுணுக்கமாக வேகம் வைக்கவே முடியாது. கணக்கு என் கோபத்தைக் கொஞ்சமும் மதிக்கவில்லை.

ஆனால் அந்தச் சூத்திரம் தேய்கிற முனைக்குத்தான். சிதறுகிற முனைக்கு அதில் இடமே கிடையாது.

நாலுமுனைக்காரருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது, கடைக்காரர்கள் அதிகம் பேசாத வசதி. சிஎன்எம்ஜியில் நாம் ஓட்டுவது 80 பாகை மூலைகளை. பக்கத்திலேயே நாலு 100 பாகை மூலைகள் சும்மா இருக்கின்றன. அதற்கென்றே 75 பாகை ஹோல்டர் தனியாகக் கிடைக்கிறது. நாலும் தேய்ந்த இன்செர்ட்டைப் பழைய இரும்புக்குப் போடாமல் அதில் பூட்டினால், வெல்டிங் மேட்டை முரட்டுத்தனமாகச் சீவ இன்னும் நாலு மூலை. 100 பாகை என்பதால் மூலை அகலம், பலமும் கூடுதல். ஷாஃப்டில் விட்டம் மாறும் செங்குத்துத் தோளில் போய் முட்டிக் கடைய மட்டும் அது உதவாது. வெட்டும் விளிம்பும் ஆறுமுனையைவிட நீளம். ஆழமாக வெட்டு எடுக்கும்போது அது தெரியும்.

ஆக, நண்பரே, புது இரும்பில் பின்னும் புஷ்ஷும் மட்டும் கடைகிறீர்கள் என்றால் ஆறுமுனைதான் மலிவு, என் கணக்கும் அதையேதான் சொல்கிறது. நான் சிஎன்எம்ஜிக்குத் திரும்புகிறேன். எல்லா வேலைக்கும். புது இரும்புக்கும்கூட. கணக்குப்படி இதில் கொஞ்சம் நஷ்டம்தான், இருக்கட்டும், அந்த ஷிம் முகத்தில் இனி விழிக்க எனக்கு மனசில்லை.

என் ஹோல்டர் வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் மீதி இன்செர்ட்டும் இருக்கிறது. ஷிம் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும்.