அரக்குப் புடவையும் மூன்று திரைகளும்

சிராங்கூன் சாலைப் புடவைக் கடை ஒன்றுக்குத் தீபாவளிப் படங்கள் தயார் செய்துகொண்டிருந்தேன். என் மடிக்கணினியில் அரக்கு அரக்காகவே இருந்தது. புதிதாக வாங்கிய பெரிய மானிட்டரில் அதே புடவை தக்காளிச் சிவப்பு. கடைக்கார அக்கா தன் கணினியில் பார்த்துவிட்டு, "தம்பி, இது காபிப்பொடி கலரால்ல இருக்கு?" என்றார்.

தக்காளிக்குக் காரணம் எளிது. இணையத்தில் புழங்கும் படங்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற அளவில் இருக்கும். 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்தது அது. புது மானிட்டர்கள் அதைவிட அடர்ந்த நிறங்களைக் காட்டக்கூடியவை. 'முழுச் சிவப்பு' என்று படம் சொன்னால், மானிட்டர் தன்னிடம் உள்ள மிக அடர்ந்த சிவப்பை எடுத்துக் கொட்டிவிடும்.

இதற்குக் காசில்லாத வழி, மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடைத் தேர்ந்தெடுப்பது. அந்த மோடு இல்லையென்றால் வெள்ளையை 6500 கெல்வினிலும் காமாவை, அதாவது இருளுக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட வெளிச்ச அளவை, 2.2இலும் வைக்கலாம், ஆனால் தக்காளி முழுசாகப் போகாது. திரையின் வெள்ளையைத் தானாக மாற்றும் நைட் லைட், ட்ரூ டோன் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். இதிலேயே முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒரே குறை, சில மானிட்டர்களில் இந்த மோடுக்குள் போனால் வெளிச்சத்தைக்கூட மாற்ற விடாது. மயில் கழுத்து மாதிரி அடர்ந்த நிறங்களும் கொஞ்சம் சோர்ந்து தெரியும்.

அடுத்தது ஸ்பைடர், கேலிப்ரைட் போன்ற அளவுக் கருவி. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, கருவியைத் திரைமேல் தொங்கவிட்டால் ஒவ்வொரு நிறமாக அளந்து ஐசிசி ப்ரொஃபைல், அதாவது அந்தத் திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்ற குறிப்புக் கோப்பை எழுதித் தரும். டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளும் இந்தக் கருவிகள் பலவற்றோடு ஓடும். ஆனால் அந்த ப்ரொஃபைலைப் படிக்கத் தெரிந்த மென்பொருளில்தான் நிறம் முழுசாகச் சரியாகும். ஃபோட்டோஷாப்புக்குத் தெரியும், எல்லாப் படம் பார்க்கும் ஆப்புக்கும் தெரியாது. முதல் வழியைச் செய்யாமல் நேரே கருவி வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மூன்றாவது, எய்ஸோ கலர்எட்ஜ், பென்க்யூவின் எஸ்டபிள்யூ வரிசை போன்ற மானிட்டர்கள். இவற்றில் திருத்தம் மானிட்டருக்குள்ளேயே பதிந்துவிடும். எந்தக் கணினியைச் செருகினாலும் அதே நிறம். அருமைதான், விலைதான் கையைச் சுடும். அச்சுக்கு அனுப்பும் வேலையே பிழைப்பு என்றால் வாங்கலாம். என்னைப்போல் மாதத்துக்கு இரண்டு கேட்டலாக் செய்பவருக்கு அநாவசியம்.

நான் முதலிரண்டையும் சேர்த்தே செய்தேன். அப்படியும் மடிக்கணினியின் வெள்ளை லேசாகப் பச்சை, மானிட்டரின் வெள்ளை லேசாக ரோஸ். கருவியோ இரண்டும் ஒன்று என்று அடித்துச் சொன்னது! இரண்டின் பின்னொளியும் வேறு வகை என்பதால், கருவிக்கு ஒன்றாகப் படுவது கண்ணுக்கு வேறாகப் படுகிறது. மென்பொருளில் பின்னொளி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததும் வித்தியாசம் குறைந்தது. மிச்சத்தைக் கண்ணால்தான் தீர்த்தேன்: இரண்டிலும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து, மானிட்டரின் சிவப்பு, பச்சை, நீலத்தை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தி மடிக்கணினியோடு ஒட்டவைத்தேன். அப்புறம் அந்த வெள்ளையை மாற்றாமல் மறுபடி அளக்கச் சொன்னேன். இதை மதியம் செய்து பயனில்லை. எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு ஹாலில் மேற்கு வெயில் நேராகத் திரையில் விழும். நல்லவேளை, சிங்கப்பூரில் வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில் இருட்டிவிடுகிறது.

அக்காவின் காபிப்பொடிக்கு இந்த மூன்றுமே தேவைப்படவில்லை. அது பழைய டிஎன் வகைத் திரை, மேலே கீழே பார்த்தால் நிறம் மாறும். கல்லாவுக்கு மேலே ஸ்டாண்டில் உயரத்தில் வைத்து, தாழ்ந்த ஸ்டூலிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று பார்க்கச் சொன்னேன். "அட, அரக்குதான்!" என்றார்.