பல் எக்ஸ்ரேயில் வேர் நுனி தெரியாவிட்டால் சிகிச்சைக்குச் சம்மதிக்காதீர்கள்

அம்மாவின் மேல் கடைவாய்ப் பல்லுக்கு ஹட்டன் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் ரூட் கெனல் (பல் வேரின் உட்குழாயைச் சுத்தம் செய்து மருந்து அடைக்கும் சிகிச்சை) செய்தோம். இரண்டு மாதமாகியும் வலி போகவில்லை. மூன்று தடவை எக்ஸ்ரே எடுத்தார்கள், மூன்று தடவையும் காசு வாங்கினார்கள். ஒரு படத்தைக்கூட கையில் தரவில்லை.

எடுத்த விதத்தைச் சொல்கிறேன். தீப்பெட்டி அளவு பிலிமை அண்ணத்தில் வைத்து, "பெருவிரலால அமுக்கிப் பிடிங்கம்மா" என்றார் உதவியாளர். தேயிலைக் கொழுந்துக் கறை படிந்து வெடித்த அம்மாவின் விரல் நடுங்கிக்கொண்டே இருந்தது. உதவியாளர் எக்ஸ்ரே குழாயைக் கண்மதிப்பில் சாய்த்தார், பொத்தானை அமுக்கினார். அவ்வளவுதான். அந்தப் படத்தில் வேர் கட்டையாகத் தெரிந்தது. அதை வைத்தே நீளம் கணித்து மருந்து அடைத்துவிட்டார்கள்.

எக்ஸ்ரே படம் என்பது பல்லின் நிழல். காலையில் மலைச்சரிவில் நம் நிழல் நீண்டு கிடக்கிறது, உச்சி வெயிலில் காலடியில் சுருங்கிவிடுகிறது இல்லையா? அதே கதைதான். குழாயை அளவுக்கு மீறிச் செங்குத்தாகச் சாய்த்தால் வேர் குட்டையாக விழும், படுக்கையாக வைத்தால் நீண்டு விழும். விரலால் பிடிக்கும்போது பிலிம் பல்லுக்குச் சாய்வாக நிற்கும். அப்போது இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணத்தை இருசமகூறாக்கி, அந்தக் கற்பனைக் கோட்டுக்குச் செங்குத்தாகக் கதிரை விட வேண்டும். தவறான முறை என்று சொல்லவில்லை. அண்ணம் தட்டையாக இருப்பவர்களுக்கு இந்தக் கோண முறைதான் பெரும்பாலும் வழி. ஆனால் கோணத்தை ஊகித்து வைத்தால் படம் பொய் சொல்லும். விரலுக்கும் வீணாகக் கதிர் படும்.

கடைசியில் ரயிலேறி பேராதனை பல் வைத்தியசாலைக்குப் போனோம். அங்கே பிளாஸ்டிக் பிடிப்பானில் பிலிமைப் பொருத்தி, அம்மாவைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிலிம் பல்லுக்குச் சமாந்தரமாக நின்றது. பிடிப்பானின் வளையம் காட்டிய திசையில் குழாயை வைத்தார்கள், ஊகத்துக்கு வேலையே இல்லை. அந்தப் படத்தில் வேர் முழுசாக இருந்தது. அடைத்த மருந்தின் வெள்ளைக் கோடு நுனிக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. நுனியைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம். "இதுதான்மா வலிக்குது" என்று டொக்டர் மிஸ் தொட்டுக் காட்டினார். அம்மா ஒன்றும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே தயவுசெய்து, பிடிப்பான் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். படம் வந்ததும் பாருங்கள்: வேர் நுனியும் அதைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் எலும்பும் தெரிய வேண்டும். நுனி வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் படத்தை வைத்து ரூட் கெனலைத் தொடங்கவிடாதீர்கள். அவர்கள் தவறால் மறுபடி எடுத்தால் அதற்கு ஏன் நாம் காசு கொடுக்க வேண்டும்? அப்புறம், படத்தைக் கேட்டு வாங்குங்கள், போனில் ஒரு போட்டோவாவது எடுத்துவிடுங்கள். கையில் ஒன்றும் இல்லாததால்தான் எங்களால் அந்தக் கிளினிக்கில் போய் நியாயம் கேட்க முடியவில்லை.

அம்மாவுக்கு இப்போது பழைய அடைப்பைத் தோண்டி எடுத்துவிட்டு மறுபடியும் செய்கிறார்கள். சிகிச்சை இலவசம். ஆனால் ஒவ்வொரு தடவை பேராதனைக்குப் போகும்போதும் அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது தோட்டத்து நாட்கூலி, போகிறது.