செகண்டரி ரெகுலேட்டர் பலகைக்குக் கொடுத்த 46,500 ரூபாய் போச்சு, நீங்களாவது கவனம்

கொழும்பில் வீட்டுக்கு ட்ராஃப்ட் பியர் செட் (பீப்பாயிலிருந்து கேஸ் அழுத்தத்தால் குழாய் வழியே பியர் எடுக்கும் சாமான்) பூட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். மூன்று செகண்டரி ரெகுலேட்டர் (ஒரே சிலிண்டரிலிருந்து வரும் கேஸை ஒவ்வொரு பானத்துக்கும் வெவ்வேறு அழுத்தத்துக்குக் குறைத்துக் கொடுப்பது) பூட்டிய பலகை என்று சொல்லி 46,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கம்ப்ரஸருக்குப் போடும் காற்று ரெகுலேட்டரைத் தலையில் கட்டியிருக்கிறார் புறக்கோட்டைப் பக்கம் கேஸ் சாமான் விற்கும் ஒருவர்.

கேட்டது தெளிவாகத்தான். ஒரே கார்பன் டையொக்சைட் சிலிண்டர். பியருக்கு 12 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), ஜிஞ்சர் பியருக்கு 20, சோடாவுக்கு 35. "பிரச்சினையே இல்லண்ணே, ஹோட்டலுக்கெல்லாம் நாங்கதான் பூட்டுறோம்" என்றார். கடைக் கம்ப்ரஸரில் மாட்டிக் காட்டினார், முதல் ரெகுலேட்டரின் முள் 12இல் அசையாமல் நின்றது. நம்ப வைத்தது அந்த முள்தான். கம்ப்ரஸர் விடாமல் காற்றை ஊட்டும்போது ஓரளவு கசிந்தாலும் முள் நிற்கும். கசியும் சத்தமும் அந்த இரைச்சலில் கேட்காது.

வீட்டில் பூட்டியதும் ஒரே இரவில் 5 கிலோ கேஸும் காலி. காற்று ரெகுலேட்டர்களில் பெரும்பாலானவை, வெளிப்பக்கத்தில் அழுத்தம் கூடினால் மேல்மூடித் துளையால் தானாக வெளியே விடுகிற வகை. காற்றுக்கு அது சரி. பியர் செட்டில் என்றால், கரண்ட் போய் கெக் (பியர் பீப்பாய்) சூடானாலே கேஸ் அறைக்குள் இறங்கும். உள்ளே ரப்பர் ஒழுங்காக உட்காராவிட்டால் கசிவு நிற்கவே நிற்காது. 5 கிலோ என்பது இரண்டரைக் கன மீட்டருக்கும் அதிகமான கேஸ். பத்தடிக்குப் பத்தடி அறையை மூடிவைத்திருந்தால் காற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! ஆள் மயங்கி விழுந்து உயிரே போகும். 46,500 ரூபாயை விட இதுதான் வயிறெரிய வைக்கிறது.

பூட்டிய முறையும் பிழை. ஒன்றின் வெளிவாயை அடுத்ததன் உள்வாயில் கொடுத்திருக்கிறார். முதலாவது 12 என்றால் பின்னால் வருவது எதுவும் 12ஐத் தாண்டாது, சோடாவுக்கு 35 எப்படி வரும்? உள்வாய் இரண்டு பக்கமும் திறந்திருக்கும் ரெகுலேட்டர்களை எடுத்து, உள்வாயோடு உள்வாயை நிப்பிளால் (சிறு இணைப்புக் குழாயால்) கோர்த்து, கடைசி வாயை அடைக்க வேண்டும். சிலிண்டரில் நேரடியாகப் பூட்டும் பிரைமரி ரெகுலேட்டரை 45இல் வைத்தால் மூன்றுக்கும் அதே 45 போகும், ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைக் குறைத்துக்கொள்ளும். வெளிவாய் ஒவ்வொன்றிலும் செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் போகவிடும் அடைப்பு) வேண்டும், இல்லாவிட்டால் பியர் கேஸ் லைனுக்குள் ஏறும். இவரது பலகையில் ஒன்றுகூட இல்லை. மீட்டரும் 160 வரை போவது. அதில் 12ஐயும் 15ஐயும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

கோல் எடுத்தால் முதலில் "சத்தம் வரத்தான் செய்யும்". பிறகு "சிலிண்டர்ல கேஸ் குறைவா அடிச்சிருப்பாங்க". பிறகு "டெக்னீஷியன் ஊருக்குப் போயிட்டாரு". கடைசியில் "பாவிச்ச சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்". பில்லில் "ரெகுலேட்டர் 3, ரூ. 46,500" என்று மட்டும்தான் இருக்கிறது, என்ன வகை என்று ஒரு சொல் இல்லை. இப்போது கோலும் எடுப்பதில்லை, வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

வாங்குமுன் பார்க்க வேண்டியதை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவு: வெளிவாயை மூடி, அழுத்தம் ஏற்றி, குமிழைத் தளர்த்திப் பாருங்கள். மேல்மூடியிலிருந்து உஸ்ஸென்று வந்தால் வாங்காதீர்கள். கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லி, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். பில்லில் கார்பன் டையொக்சைட் செகண்டரி என்று எழுதி வாங்குங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977க்கு, அடியுங்கள். அதுவரை சிலிண்டர் இருக்கும் அறையின் ஜன்னலைச் சாத்த வேண்டாம்.