பதற்றக் கோளாறு: பேச்சு சிகிச்சையா, மாத்திரையா?

லிஃப்ட் கதவு மூடினாலே நெஞ்சு படபடக்கிறவருக்கு இரண்டுமே உதவும். உதவும் விதம்தான் வேறு. பதற்றத்துக்கு வழக்கமாகத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரையை தினமும் போட்டாலும் பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம். முதல் சில நாட்கள் குமட்டல் வரலாம். அதற்குப் பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள். சரியாகிவிட்டது என்று திடீரென நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சை பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள். முதலில் திறந்த லிஃப்டில் சும்மா நிற்பது, அப்புறம் ஒரு மாடி, பிறகு தனியாக. பயம் தானாக இறங்கும் என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது. சிகிச்சை முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும். அதனால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டவே முடியாத அளவுக்குப் பதற்றம் என்றால், மாத்திரையோடு தொடங்கக் கூச்சமே வேண்டாம்.